அரசன் பெயர், வணிகர் காவல்

திருகோணமலையிலிருந்து வங்காள விரிகுடாவைக் குறுக்கறுத்து ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் போனால் சுமாத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் வரும். கற்பூரத்துக்குப் பேர்போன பழைய துறைமுகம். அதன் அருகே லோபு துவா என்னும் இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010ஐச் சேர்ந்தது, கி.பி. கணக்கில் 1088. அதைப் பொறிப்பித்தவர்கள் 'திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர்' என்று தம்மைச் சொல்லிக்கொண்ட வணிகக் கணத்தார்.

கல் சிதைந்திருக்கிறது. ஆனாலும் வாசிக்க முடிந்த வரிகளில் ஒரு விதி இருக்கிறது. கப்பல் துறைக்கு வந்ததும் மரக்கல நாயனும் கேவிகளும், அதாவது கப்பல் தலைவனும் படகோட்டிகளும், கஸ்தூரி விலைக்கு ஈடாகப் பொன்னில் கட்டணம் செலுத்த வேண்டும். செலுத்திய பிறகே அங்கே விரித்திருக்கும் பாவாடைத் துணியின் மேல் காலடி வைக்கலாம்.

இந்த விதிக்குள் ஒரு நவீன அலுவலகமே அடங்கியிருக்கிறது. யார் செலுத்த வேண்டும் என்று தெளிவாகிறது. என்ன கட்டணம் என்பது முன்கூட்டியே தெரிகிறது. கட்டணம் பொன்னில் வருகிறது. அளவைக் கஸ்தூரி விலை தீர்மானிக்கிறது. எந்தத் துறைமுகத்திலும் விலைபோகும் இரு பொருள்களோடு கட்டியதால் ஓர் அரசனின் நாணயம் தேய்ந்தாலும் வருமானம் தேயாது. கடைசியாக, வந்தவருக்கு மரியாதையான வரவேற்பும் உண்டு. இன்றைய தூதரகங்களின் வர்த்தகப் பிரிவுகள் செய்ய முயல்வதும் பெரும்பாலும் இதையேதான்.

கடல் கடந்து இப்படி ஓர் இடம் தேவைப்பட்டதற்கு முதற்காரணம் காற்று. கிழக்கிலங்கைக் கடற்றொழிலாளர் இன்றும் ஆண்டைச் சோளகம், வாடை என்று காற்றின் பெயரால் பிரித்துப் பேசுவார்கள். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று பாய்மரக் கப்பலைக் கிழக்கே தள்ளும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வருவது திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும். கோடையில் ஆசியப் பெருநிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது, குளிர்காலத்தில் வேகமாகக் குளிர்கிறது. காற்றழுத்தம் இடம் மாற, காற்றும் திசை மாறுகிறது. விற்ற கையோடு திரும்ப வணிகனால் முடியாது. காற்று மாறும்வரை மாதக்கணக்கில் அந்நிய மண்ணில் காத்திருக்க வேண்டும். சரக்கு வைக்கக் கிடங்கு வேண்டும், குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும், காவல் வேண்டும், விலை விசாரித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இதை யார் அமைப்பது? ஒரு வணிகனுக்குக் கட்டுப்படியாகாது. அரசனுக்கோ கப்பலும் படையும் உண்டு, சந்தை தெரியாது. விடை மலாய்த் தீபகற்பத்தின் இடுப்புப் பகுதியில், இன்றைய தாய்லாந்தின் தகுவா பாவில் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டிய குளம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. குளத்தின் பெயர் அவனிநாரணம். அது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தார் என்ற வணிகக் கணத்துக்கும் சேனாமுகத்தார் என்ற படையினருக்கும். பெயர் அரசனுடையது, காவல் வணிகருடையது. அரசும் இலாபத்தைப் பங்கிடாத ஒரு பொது அமைப்பும் வெளிநாட்டில் ஒரே கூரையைப் பகிர்ந்துகொள்வது என்று இன்று பேசப்படும் ஏற்பாட்டின் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளில் இது ஒன்று. ஐந்நூற்றுவரும் மணிக்கிராமத்தாரும் தர்ம ஸ்தாபனங்கள் அல்லர், கூலிப்படையும் வைத்திருந்தார்கள். ஆனால் கணம் எந்தத் தனி வணிகனுக்கும் சொந்தமில்லை. சேர்ந்த மகமை கோயிலுக்கும் குளத்துக்கும் காவலுக்கும் போனது.

இப்படிப்பட்ட ஏற்பாடு எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்கத் திருகோணமலை மாவட்டமே நல்ல இடம். 1025இல் சோழ மன்னன் முதலாம் இராசேந்திரனின் கடற்படை, சுமாத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது. 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை இலங்கையிலிருந்து வெளியேற்றினான். சோழ ஆட்சியோடு எல்லாம் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. கந்தளாய்க்கு அருகே பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பிராமணப் பெண்மணி ஒருவர் இறந்த கணவரின் நினைவாகக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்குக் கொடை அளிக்கிறார். கோயிலின் பெயர் விஜயராச ஈசுவரம். சிங்கள மன்னனின் பெயர். அறக்கட்டளைக்குக் காவல், வேளைக்காரர் என்ற தமிழ்ப் படைப்பிரிவினர். பக்கத்துப் பதவியாவில் பௌத்த விகாரை ஒன்றே வேளைக்காரர் பெயரைத் தாங்கி அவர்கள் காவலில் இருந்தது. இந்த வேளைக்காரருக்கும் வணிகருக்கும் என்ன உறவு என்பதைப் பொலன்னறுவைக் கல்வெட்டு காட்டுகிறது. புத்தரின் தந்தம் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றபோது, வளஞ்சியர் என்ற வணிகக் கணத்தைத் தம் மூதாதையராக மதித்து அழைத்து அவர்கள் முன்னிலையில்தான் ஏற்றார்கள்.

அரசன் பெயர் மாறியது, காவல் மாறவில்லை. பாரூஸ் கல்வெட்டும் இராசேந்திரன் படையெடுத்து 63 ஆண்டு கழித்து வந்ததுதான். வணிகருக்கு வேண்டிய சட்டப் பாதுகாப்பைத் தந்தது மட்டும் எப்போதும் அரசுதான். 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் தமிழில் வெட்டுவித்த ஆணை, அந்நிய வணிகரைக் காக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுப் பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. யானை, குதிரை அரசனின் படைக்கு வேண்டியவை. அதனால் அவற்றைக் கொண்டுவருபவனின் நட்டத்தை அரசன் கூடுதலாகத் தாங்கிக்கொள்கிறான் என்றே இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. எட்டு நூற்றாண்டுக்கு முந்திய வர்த்தகக் கொள்கை இது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். மூதூரிலோ குச்சவெளியிலோ நண்டு வாங்கிப் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்ப ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த நகரத்தில் யார் வாங்குவார், எந்த அளவு நண்டுக்கு என்ன விலை, எந்தச் சான்றிதழ் வேண்டும், பணம் சொன்ன நாளில் வருமா என்று பல மாதம் அலைந்து, பல இலட்சம் செலவழித்து அவர் கண்டுபிடிக்கிறார். முதல் கொள்கலன் போய்ச் சேர்ந்ததும் அடுத்த வீதிக்காரர் அதே வாங்குநருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். தேடிய செலவு ஒருவருக்கு, பயன் எல்லோருக்கும். இது தெரிந்ததால் யாரும் முதலில் தேடப் புறப்படுவதில்லை. ரிக்கார்டோ ஹவுஸ்மன், டானி ரோட்ரிக் என்ற பொருளியலாளர்கள் 2003இல் இந்தச் சிக்கலை விரித்து எழுதினார்கள். ஒரு நாடு தன்னால் எதை இலாபத்தோடு விற்க முடியும் என்று கண்டுபிடிப்பதே செலவுள்ள வேலை. அந்தச் செலவைத் தனியார் மட்டும் சுமந்தால் தேடல் குறைந்துபோகும் என்பது அவர்கள் வாதம்.

எல்லாச் சரக்குக்கும் இந்தச் சிக்கல் இல்லை. இதே மாவட்டத்தின் வடக்கு எல்லையில் புல்மோட்டை இருக்கிறது. அங்கே கரையில் அலை ஒதுக்கும் கறுப்பு மணலில் இல்மனைற், ரூட்டைல், சிர்க்கோன் கனிமங்கள் செறிந்திருக்கின்றன. காந்தத்தாலும் மின்புலத்தாலும் அடர்த்தி வேறுபாட்டாலும் பிரித்தெடுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். இல்மனைற்றை வாங்குபவர் முதலில் பார்ப்பது டைற்றேனியம் ஒட்சைட்டு எத்தனை வீதம் என்பதைத்தான். ஆய்வுகூட அறிக்கையே சரக்கைப் பற்றிப் பேசிவிடும். நண்டுக்கும் கருவாட்டுக்கும் கைத்தறிக்கும் அப்படி ஒற்றை எண் கிடையாது. அங்கே வாங்குநர் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

இந்த வேறுபாட்டை ஜேம்ஸ் ராவுக், விட்டர் டிரின்டேட் ஆகியோர் 2002இல் அளந்து காட்டினார்கள். தென்கிழக்காசியாவில் உள்ள அளவுக்குச் சீன வம்சாவளியினர் வாழும் நாடுகளிடையே, தரத்தால் வேறுபடும் பொருள்களின் வர்த்தகம் அந்த உறவு வலையால் குறைந்தது ஏறத்தாழ 60 வீதம் கூடியிருந்தது. பொதுவிலை உள்ள பண்டங்களில் விளைவு அதைவிடக் குறைவு. இலண்டன், பாரிஸ், ரொறன்ரோத் தமிழ்க் கடைகளில் யாழ்ப்பாணத்து ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் அடுக்கியிருப்பதற்கும் இதுவே அடிப்படை. ஆனால் சொந்தக்காரரின் கடை சொந்தக்காரரோடு நின்றுவிடும். அதைத் தாண்டிப் பெருஞ்சந்தைக்குப் போக வேறு பாலம் வேண்டும்.

அந்தப் பாலம் பயன் தருமா? ஆண்ட்ரூ ரோஸ் 2007இல் 22 ஏற்றுமதி நாடுகளையும் 200 இறக்குமதி இடங்களையும் வைத்துக் கணக்கிட்டார். ஒரு நாட்டில் கூடுதலாக ஒரு துணைத்தூதரகம் இருந்தால் அந்நாட்டுக்கான ஏற்றுமதி 6 முதல் 10 வீதம் வரை அதிகம். முதலில் திறக்கும் அலுவலகத்தின் பலன் பெரிது. அடுத்தடுத்தவற்றின் பலன் சிறிது. ஏற்றுமதி கூடியதால்தான் அலுவலகம் திறந்தார்களோ என்ற ஐயம் வரும். அதற்காக எண்ணெய் வளம் போன்று, ஏற்றுமதியோடு நேரடித் தொடர்பில்லாமல் தூதரகத்தை ஈர்க்கும் காரணங்களையும் அவர் கணக்கில் பயன்படுத்திப் பார்த்தார்.

இந்தக் கட்டுரைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு டானியல் லெடர்மன், மார்செலோ ஒலார்ரேகா, லூசி பேட்டன் மூவருடையது. 103 நாடுகளை உள்ளடக்கிய கருத்தாய்வு. ஏற்றுமதி ஊக்குவிப்பு நிறுவனங்கள் சராசரியாகப் பலன் தருகின்றன. பணம் கொட்டக் கொட்டப் பலன் வேகமாகத் தேய்கிறது. எந்த அமைப்பு நன்றாக வேலை செய்கிறது என்றும் கேட்டார்கள். ஆட்சிக்குழுவில் தனியார் துறைக்குப் பெரும் இடம், செலவில் அரசுக்குப் பெரும் பங்கு. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் பலன் அதிகம். காரணம் மேலே பார்த்ததுதான். தேடல் செலவு பொதுச்செலவு, ஆகவே பொதுப்பணம் வேண்டும். எதைத் தேடுவது என்பது சந்தை தெரிந்தவரின் அறிவு, ஆகவே வணிகரின் தலைமை வேண்டும். தகுவா பா குளத்தின் பெயரும் காவலும் பிரிந்திருந்தது போலவே பணமும் முடிவும் பிரிகின்றன.

இன்றைய உலகில் இதைப் பெரிய அளவில் செய்வது ஜேர்மனி. அதன் முதல் வெளிநாட்டு வர்த்தக சபை 1894இல் பிரசெல்சில் தொடங்கியது. இப்போது 90க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 150 இடங்களில் அலுவலகம் உண்டு. கொழும்பிலும் ஒன்று இயங்குகிறது. நடத்துவது வர்த்தக சபைகள், அரசின் பொருளாதார அமைச்சு ஒரு பங்குச் செலவைத் தருகிறது. ஜப்பானின் வெளிநாட்டு வர்த்தக அமைப்பான ஜெட்ரோவின் கதை திருகோணமலைக்கு இன்னும் உறைக்கும். போரில் தோற்ற நாட்டின் துறைமுக நகரம் ஒசாகா. 1951இல் அங்கிருந்த வர்த்தக சபையும் உள்ளூர் நிர்வாகமும் கைகோத்து வெளிநாட்டுச் சந்தைகளை ஆராய ஒரு நிறுவனத்தைத் தொடங்கின. 1958இல்தான் அது தேசியச் சட்டத்தின் கீழான அமைப்பாக மாறியது. தலைநகர் தொடங்கட்டும் என்று துறைமுகம் காத்திருக்கவில்லை.

இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஏற்றுமதி அபிவிருத்திச் சபை அமைந்தது. தூதரகங்களில் வர்த்தகத் திணைக்களத்தின் அலுவலர்கள் இருக்கிறார்கள். நாட்டின் பெயர் என்ற பொதுச்சொத்தைக் காக்க இவர்கள் இல்லாமல் முடியாது. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை வந்தது. ஆழ்கடலில் சட்டத்துக்குப் புறம்பான மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்பது காரணம். ஒழுங்காகத் தொழில் செய்தவரின் மீனும் நின்றது. சட்டத்தைத் திருத்தி, படகுகளைக் கண்காணித்து, 2016 ஜூனில் தடையை நீக்குவித்தது அரசு. தனியொரு முதலாளி எவ்வளவு நல்ல மீன் வைத்திருந்தாலும் அதைச் செய்திருக்க முடியாது. ஆனால் தடை நீங்கிய பிறகு மூதூர் நண்டுக்கு வாங்குநரைத் தேடிப் பிடிப்பது தூதரக அலுவலரின் நேரத்துக்கும் அறிவுக்கும் எட்டும் வேலையன்று. அவர் மேசையில் தேயிலையும் ஆடையும் முன்னால் நிற்கும்.

அதனால் மாவட்ட வணிகர் கேட்க வேண்டியது தனி அலுவலகத்தை அன்று. பிராங்க்ஃபேர்ட்டில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்தே ஒரு சிறு சபை ஓய்ந்துவிடும். ஏற்கெனவே அரசு வாடகை கட்டும் கூரையின் கீழ் ஒரு மேசை போதும். அதில் கடலுணவுத் தொழில் தெரிந்த ஒருவர் அமர வேண்டும். அவரைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும் வணிக அமைப்பின் கையில் இருக்க வேண்டும். அவர் கண்டறியும் விலையும் விதியும் ஒரு நிறுவனத்தின் கைப்பைக்குள் போகாமல் மூதூர் முதல் புல்மோட்டை வரை எல்லோருக்கும் ஒரே நாளில் எட்ட வேண்டும். பொதுப்பணம் கேட்கும் உரிமை அதிலிருந்துதான் வருகிறது. கட்டணத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். பாரூஸ் வணிகர் அதைக் கல்லிலேயே வெட்டினார்கள். நமக்கு ஓர் ஒப்பந்தத் தாள் போதும், இரு தரப்பும் கையெழுத்திட்டால்.