பப்பில் ஓர் அடிபம்பு

இங்கிலாந்தில் ஞாயிறு மதியம் பேட்டையின் பெரிய பப்பில் மேசை பிடிப்பது சுலபமல்ல. தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என்று குடும்பமே திரண்டு வந்து ‘சண்டே ரோஸ்ட்’ சாப்பிடும் நேரம் அது. வாட்டிய இறைச்சி, உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங், எல்லாவற்றின் மேலும் கிரேவி. சர்வர் வந்து கேட்பார் என்று உட்கார்ந்திருந்தால் பல பப்களில் பட்டினிதான். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுன்டருக்குப் போய், வேண்டியதைச் சொல்லி, கையோடு பணம் கட்ட வேண்டும். சாப்பாடு மேசைக்கு வரும். பானத்தை நாமே எடுத்துக்கொண்டு வரலாம்.

அந்தக் கவுன்டரில் நெட்டுக்குத்தாக நிற்கும் கைப்பிடிகளுக்குப் பெயர் பீர் என்ஜின். பெயரில்தான் என்ஜின்; மோட்டாரும் இல்லை, மின்சாரமும் இல்லை.

பழைய மதுக்கூடங்களில் ஒவ்வொரு முறையும் நிலவறைக்கு இறங்கி, பீப்பாயிலிருந்து கூஜாவில் பிடித்து வந்துதான் ஊற்றினார்கள். அந்த ஓட்டத்தை மிச்சப்படுத்தும் பம்புக்கு 1797-இல் காப்புரிமை பெற்றவர் ஜோசப் பிராமா. பூட்டு, கழிப்பறைத் தொட்டி, நீரழுத்த இயந்திரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் திருத்தி அமைத்த ஆங்கிலேயர்.

நம் தெருமுனை அடிபம்பும் இதுவும் ஒரே இனம். கைப்பிடியை இழுத்தால் உருளைக்குள் பிஸ்டன் மேலே ஏறும். அதன் தலைக்கு மேல் நிற்கும் பீர் குழாய்வழியே கோப்பையில் விழும்; அதே இழுப்பில் நிலவறையிலிருந்து புது பீர் உருளைக்குள் வரும். கைப்பிடி திரும்பும்போது பிஸ்டனில் உள்ள வால்வு திறந்து, கீழே இருப்பது மேலே போகும். வழக்கமான உருளை அரை பைன்ட் கொள்ளும். ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலிட்டர் நிரம்ப நிதானமாக இரண்டு இழுப்பு, மேலே கொஞ்சம்.

பம்பு எளிது. அது இழுத்துத் தரும் ‘காஸ்க் ஏல்’ என்ற பீர்தான் பிடிவாதக்காரச் சரக்கு. வடிகட்டாமல் பீப்பாயில் அடைக்கப்படுவதால் உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருந்து, நிலவறையிலும் நொதித்துக்கொண்டே இருக்கும். வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். பீப்பாயின் மேல்துளையில் மென்மரத்தாலான சிறு ஆப்பு செருகி, மிகையான வாயுவைக் கசிய விடுவார்கள். போதும் என்று தோன்றியதும் கெட்டி ஆப்பால் அடைப்பார்கள். கலங்கலைத் தெளிய வைக்கப் பெரும்பாலும் ஐசிங்கிளாஸ் சேர்ப்பதுண்டு. மீனின் காற்றுப்பையைக் காயவைத்துத் தயாரிப்பது அது. அது ஈஸ்டைத் திரட்டி அடியில் படிய வைக்கும். மரக்கறி உண்போர் சிலர் காஸ்க் ஏலைத் தொடாததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு சிக்கல் காற்று. வெளியேறும் ஒவ்வொரு பைன்டுக்கும் ஈடாகக் காற்று பீப்பாய்க்குள் நுழைகிறது. ஏல் மெல்லப் புளிக்கத் தொடங்குகிறது. திறந்த பீப்பாயை ஏறத்தாழ மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். ‘ஃபர்கின்’ எனப்படும் சிறிய பீப்பாயே 72 பைன்ட் கொள்ளும். குடிக்க மட்டும் நாலைந்து பேர் வரும் கடையில் பல வகை ஏல் வைத்தால் பாதி வீண்தான். சாப்பாட்டுக்குக் கூட்டம் சேரும் பெரிய பப்பில் பீப்பாய்கள் மளமளவென்று மாறுவதால் பல கைப்பிடிகளுக்கும் வேலை இருக்கும். அடுப்படி சுறுசுறுப்பாக இருந்தால் நிலவறையும் புதிதாக இருக்கும்.

1960-களில் பெரிய பீர் ஆலைகள், வடிகட்டிச் சூடாக்கி, கரியமில வாயுவின் அழுத்தத்தால் தள்ளும் ‘கெக்’ பீருக்கு மாறின. பல நாள் கெடாது, நிலவறையில் பக்குவம் பார்க்க ஆளும் வேண்டாம். காஸ்க் ஏல் வழக்கொழிந்துவிடும் என்று கொதித்த நால்வர் 1971-இல் தொடங்கிய இயக்கம்தான் ‘காம்ரா’. இன்றும் கைப்பிடிகள் நிமிர்ந்து நிற்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஒவ்வொரு கைப்பிடியிலும் ஏலின் பெயர் எழுதிய வில்லை மாட்டியிருக்கும். வில்லையின் முதுகுப்புறம் தெரிந்தால் அந்தப் பீப்பாய் காலி; அடுத்த கைப்பிடியைக் காட்டிக் கேட்க வேண்டியதுதான்.