ஐந்தாம் எழுத்து



தாம்பரத்திற்கு வெளிநாட்டு அறிஞர் வருகை புதிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937ஆம் ஆண்டு நகரத்து நெரிசலை விட்டுக் கிழக்குத் தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் மாதத்தில் அங்கே கூடிய உலகக் கிறித்தவ மாநாட்டிற்குப் பல கண்டங்களைச் சேர்ந்தோர் வந்து தங்கினர். அந்நாளில் வருமான வரித் துறையின் நிரந்தரக் கணக்கு எண் என ஒன்று இல்லை. இன்று ஓர் அயல்நாட்டார் இங்கே சில மாதம் தங்கி ஆராய்ச்சி செய்து உதவித்தொகை பெற வேண்டுமாயின், ‘பான்’ என்று நாம் சுருக்கமாக அழைக்கும் அவ்வெண் பெரும்பாலும் வேண்டியிருக்கிறது. அதை ஒருவருக்குப் பெற்றுத் தர முயன்று நான் செய்த பிழையையும், அப்பிழையால் நான் கற்றதையும் இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

2023ஆம் ஆண்டு சேலையூரில் எங்கள் வீட்டு மாடியில் சாவகத் தீவிலிருந்து வந்த ஆய்வு மாணவி ஒருவர் குடியிருந்தார். பல்லவர் எழுத்து கடல் கடந்து சென்ற வரலாறு அவர் ஆராய்ச்சிப் பொருள். மேற்குச் சாவகத்தில் பூர்ணவர்மன் என்னும் அரசனுடைய 5ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பல்லவ எழுத்தில் உள்ளன. அவ்வெழுத்தின் வழி வந்ததே பழஞ்சாவக எழுத்து. ஆகவே மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்ட பல்லாவரத்துக் குகை, அவருக்கு நம் வீட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே வாய்த்த ஒரு புதையல்.

அவர் முதலில் ஆதார் எண்ணைத்தான் கேட்டார். பலரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் இங்கே சற்று விளக்க வேண்டும். ஆதார், இந்நாட்டில் வசிப்பவருக்கு உரியது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 12 மாதங்களில் 182 நாட்களேனும் இங்கே தங்கியிருந்தவரே வசிப்பவர் எனப்படுவார். நேற்று வந்திறங்கியவருக்கு அது கிட்டாது. ஆதார் பெற்றவர் அதனாலேயே குடிமகனும் ஆகிவிடார். அச்சட்டமே அதைத் தெளிவாகக் கூறுகிறது. பான் எண்ணுக்கோ இத்தகைய தங்கற்கால வரையறை இல்லை. வரிக் கணக்கில் ஒருவரை மற்றொருவரோடு மயங்காமல் பிரித்தறிவதே அதன் வேலை. குடிமக்களுக்கு அப்போது 49ஏ என்னும் படிவமும் வெளிநாட்டவருக்கு 49ஏஏ என்னும் படிவமும் இருந்தன. (படிவ எண்கள் காலந்தோறும் மாறுவன, வேண்டுவோர் அன்றைய படிவத்தைக் கேட்டுப் பெறுக.)

சான்றுகளுக்குக் குறைவில்லை. கடவுச்சீட்டு இருந்தது. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர், வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது விதி. அவ்வாறு பதிந்து பெற்ற சான்றிதழில் எங்கள் வீட்டு முகவரியும் இருந்தது. தடையெல்லாம் பெயரில்தான் வந்தது.

அவருக்கு ஒரே பெயர். குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரும் சேர்வதில்லை. சாவகத்தில் இது பெருவழக்கு. அந்நாட்டின் முதற்குடியரசுத் தலைவர் சுகர்ணோவும் அடுத்தவர் சுகார்த்தோவும் ஒற்றைப் பெயரினரே. இனிப் புதிதாகப் பதியும் பெயர் இரு சொற்களேனும் கொண்டிருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் விதித்தது. முன்பே பதிந்த பெயர்களை அது தொடவில்லை. படிவத்திலோ குடும்பப் பெயர், முதற்பெயர், நடுப்பெயர் என மூன்று கட்டங்கள். முதற்கட்டத்தை வெறுமையாக விட இயலாது.

அவர் என்னிடம் வந்து, “ஐயா, இதில் என்ன எழுதுவது?” என்று கேட்டார். நான் சிறிதும் தயங்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் எழுதிய கை அல்லவா! “இதில் என்னம்மா ஐயம்? எங்கள் ஊரில் செய்வதைப் போலத் தந்தையார் பெயரை எழுதிவிடுங்கள்” என்றேன். அவரும் அவ்வாறே எழுதினார்.

மூன்று வாரம் கழித்து மடல் வந்தது. விண்ணப்பத்திலுள்ள பெயரும் கடவுச்சீட்டிலுள்ள பெயரும் பொருந்தவில்லை. ஆதலின் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று அதில் கண்டிருந்தது. எண் இல்லாமையால் உதவித்தொகை வரவில்லை. கையில் கொண்டுவந்த பணமோ கரைந்துகொண்டிருந்தது. மாலையில் மாடியிலிருந்து வரும் சமையல் மணம் சில நாட்களாக வரவில்லை என்பதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள். ஒரு நாள் இரவு அம்மாணவி வந்து, “ஐயா, குகையைப் படியெடுத்து முடித்தவுடன் ஊர் திரும்பிவிடலாம் என எண்ணுகிறேன்” என்றார். என் தவறு எனக்கு அப்போதுதான் முழுவதும் உறைத்தது. அன்று முதல் அவர் எங்களோடு உண்டார் என்பது ஒருபுறம் இருக்க, பழுதைச் சீர் செய்யும் கடமை என்னுடையதாயிற்று.

புதிதாக மற்றொரு விண்ணப்பம் போட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அது தீய யோசனை. ஒருவருக்கு ஒரே எண்தான் இருக்கலாம். இரண்டு வைத்திருந்தால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி 10,000 ரூபாய் தண்டம் விதிக்க இடமிருந்தது. நிறுத்தி வைத்த விண்ணப்பத்திலேயே திருத்தம் கோருவதுதான் முறை. படிவத்தின் பின்பக்கத்துக் குறிப்புகளை அப்போதுதான் நான் ஒழுங்காகப் படித்தேன். வினாத்தாளை முழுதும் படித்த பின்னரே விடை எழுதுங்கள் என்று ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொன்னவன் நான்! ஒற்றைப் பெயர் உடையவர் அப்பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்ற இரண்டையும் வெறுமையாக விடுக என்று அங்கே தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. தந்தை பெயருக்கு வேறிடத்தில் தனிக்கட்டமே இருந்தது.

இக்கட்டத்திற்கு ஏன் இவ்வளவு முதன்மை என்று நீங்கள் கேட்கலாம். பான் எண்ணில் பத்து இடங்கள் உண்டு. முதல் ஐந்தும் ஆங்கில எழுத்துகள். அடுத்த நான்கும் எண்கள். இறுதியில் ஓர் எழுத்து. முதல் மூன்றும் வரிசைமுறையில் அமைவன. நான்காவது, எண்ணுக்கு உரியவர் யார் என்பதைச் சொல்லும்: தனி மனிதராயின் ‘பி’, நிறுமமாயின் ‘சி’. ஐந்தாவது, தனி மனிதரின் குடும்பப் பெயரது முதலெழுத்து. கடைசி எழுத்து, மற்றவை சரியாக எழுதப்பட்டனவா என்று சோதிக்க உதவுவது. அதாவது, அக்கட்டத்தில் எழுதும் பெயர் எண்ணுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆதார் எண் இத்தகையதன்று. அதன் 12 இலக்கங்களில் உங்கள் பெயரோ ஊரோ வயதோ ஒளிந்திருக்கவில்லை. அதன் கடைசி இலக்கமும் சோதனைக்கே உரியது. வெர்ஹூஃப் என்னும் டச்சுக் கணித அறிஞர் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட முறை அதற்குப் பயன்படுகிறது. 37 என்பதை 73 என்று இடம் மாற்றி எழுதினாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் அதைத் தேடிப் படித்துப் பாருங்கள், இன்பமான கணக்கு.

திருத்திய தாள்களோடு நானே தாம்பரத்து விண்ணப்ப மையத்திற்குச் சென்றேன். அங்கிருந்த இளைஞர், “சார், இனிஷியல் இல்லாமலா?” என்று கேட்டார். நான் கேட்ட கேள்விதானே! கடவுச்சீட்டைக் காட்டினேன். காத்திருந்த வேளையில், மகேந்திரவர்மன் இப்படிவத்தை நிரப்ப நேர்ந்தால் மத்தவிலாசன், விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி ஆகியவற்றுள் எதை எக்கட்டத்தில் எழுதுவான் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். அம்மன்னனுக்குப் பெயர் மிகுதி. எங்கள் மாணவிக்கு ஒன்றே ஒன்று. இரண்டும் மூன்று கட்டங்களுள் அடங்குவது கடினமே.

மேலும் சில வாரங்களில் அஞ்சற்காரர் அட்டையைக் கொண்டுவந்தார். அம்மாணவி உறையைப் பிரித்ததும் ஐந்தாம் எழுத்தைத்தான் விரல் வைத்துப் பார்த்தார். ‘எஸ்’. அவருடைய ஒற்றைப் பெயரின் முதலெழுத்து. பின்னர், “ஐயா, உங்கள் அட்டையில் என்ன எழுத்து?” என்று கேட்டார். பல ஆண்டுகளாகப் பேழையில் கிடந்ததை எடுத்துவந்து காட்டினேன். அன்றுதான் நானும் உற்றுப் பார்த்தேன். அது என் பெயரின் எழுத்தன்று, என் தந்தையாருடையது.