சதோரியில் தடம் விலகிய நீராவி விமானம்

ரைட் சகோதரர்கள் பறப்பதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே, 1892-இல், பிரெஞ்சுப் போர் அமைச்சகம் வெடிபொருளைச் சுமந்து பறக்கவல்ல ஊர்தி ஒன்றைச் செய்து தருமாறு கிளெமான் அடேர் என்னும் பொறியாளருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1890 அக்டோபர் 9 அன்று அவருடைய 'எயோல்' என்னும் நீராவி விமானம் தரையிலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் எழும்பி 50 மீட்டர் தொலைவு சென்றதாகக் கூறப்பட்டதே அமைச்சகத்தின் நம்பிக்கைக்கு அடிப்படை.

ஒப்பந்தத்தின் விளைவாக உருவான 'அவியோன் 3' என்னும் முன்மாதிரி விமானம், மரச்சட்டத்தின்மீது துணி போர்த்தி, வௌவாலின் விரலெலும்புகளைப் போல மடக்கி விரிக்கத்தக்க விலா வரிகளுடன், ஏறத்தாழ 16 மீட்டர் அகலச் சிறகு கொண்டதாக அமைந்தது. சாராயத்தை எரித்துச் சூடேற்றப்படும் கொதிகலனிலிருந்து வந்த நீராவி, தலா 20 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எஞ்சின்களை இயக்கியது. அவை எதிரெதிராகச் சுழலும் இரு உந்துவிசிறிகளைச் சுழற்ற, பயன்பட்ட நீராவி ஒரு செறிகலனில், அதாவது நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கலனில், மீண்டும் நீராயிற்று. அக்காலத்து நீராவி எஞ்சின்களின் பருமனை நினைத்துப் பார்த்தால், இத்துணை எடைக்குறைவான எஞ்சின்களை அடேர் வடித்தது உண்மையிலேயே பெருஞ்சாதனை.

வெர்சாய் நகரை அடுத்த சதோரியில், சுமார் 1,500 மீட்டர் நீளமுள்ள வட்டப்பாதையில் 1897 அக்டோபர் 12 அன்று நடந்த முதல் சோதனையில் விமானம் அமைதியாக உருண்டோடியது. இரண்டு நாள் கழித்து, காற்று பலமாக வீசிய வேளையில், தளபதி மென்சியே தலைமையிலான குழு பார்த்திருக்க, அது பக்கக்காற்றில் பாதையை விட்டு விலகியது. அடேர் எஞ்சின்களை நிறுத்தியபோது தரையில் மோதிச் சேதமுற்றது. அமைச்சகம் பணம் தருவதை நிறுத்திக்கொண்டது.

தோல்விக்கு விசைப் பற்றாக்குறை முதற்காரணமன்று. திசை மாற்ற அடேர் பின்சக்கரத்தோடு இணைத்த சுக்கானையும் விசிறிகளின் வேக வேறுபாட்டையும் நம்பினாரேயன்றி, சாய்வைச் சரிசெய்யச் சிறகிலோ, மூக்கை ஏற்றியிறக்க வாலிலோ தக்க ஏற்பாடு எதையும் செய்யவில்லை. ஆகவே சக்கரம் தரையை விட்ட கணமே ஓட்டுநரின் பிடி தளர்ந்துவிடும். எஞ்சின் பூட்டுவதற்கு முன்பே மிதவை விமானங்களில் பலநூறு முறை சறுக்கிப் பறந்து, சிறகை முறுக்கிச் சமநிலை காக்கக் கற்ற ரைட் சகோதரர்களின் முறை இதனின்று முற்றிலும் வேறுபட்டது.

மற்றவர்களின் பறத்தல் ஐரோப்பாவைப் பரபரப்புக்குள்ளாக்கிய 1906-இல், சதோரியில் தாம் 300 மீட்டர் பறந்ததாக அடேர் உரிமை கோரினார். அதுவரை மறைத்து வைக்கப்பட்டிருந்த மென்சியே குழுவின் அறிக்கை 1910-இல் வெளியானபோது, அக்கோரிக்கைக்கு அதில் ஆதரவு கிடைக்கவில்லை. ஆனாலும் விமானம் அழியவில்லை: 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டு, பின்னர் அந்நகரின் கலை மற்றும் கைத்தொழில் அருங்காட்சியகத்தைச் சேர்ந்து, 1980-களில் செப்பனிடப்பட்ட அது, இன்றும் அங்கே படிக்கட்டுக்கு மேலாகத் தொங்குகிறது.