திருப்போரூரில் யார் ஜெயிப்பாங்க? கணிப்புகள் திணறுவது ஏன்?

மாமல்லபுரம் அடங்கிய திருப்போரூர் தொகுதி, கணிப்பாளர்களுக்குத் தலைவலி. 2016-ல் அதிமுகவின் கோதண்டபாணி ஜெயித்தது வெறும் 950 வாக்குகளில். 2017-ல் தகுதிநீக்கம் செய்யப்பட்ட 18 எம்.எல்.ஏ.க்களில் அவரும் ஒருவர். 2019 இடைத்தேர்தலில் திமுகவின் இதயவர்மன் சுமார் 21 ஆயிரம் வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அப்போ 2021-ல் அந்தக் கூட்டணிக்கு ஈஸினுதானே தோணும்? விசிகவின் எஸ்.எஸ்.பாலாஜி, பாமகவை வென்றது 1,947 வாக்குகளில்தான்!

பதிவான வாக்குகளில் இது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால், ஆயிரம் பேரிடம் எடுக்கும் கருத்துக்கணிப்பே 3 சதவீதம் வரை முன்னே பின்னே போகும். அந்த ஆயிரம் பேரும் மாநிலம் முழுக்கச் சேர்த்து என்றால், 234 தொகுதிகளுக்குப் பிரித்துப் பாருங்க. திருப்போரூருக்கு நாலு பேர் தேறுவார்கள்.