பெங்களூரு டு சான் பிரான்சிஸ்கோ: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

இந்த எபிசோடு எங்க அம்மா கேட்ட ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது.

2023 மே மாசம், அக்காவோட பிரசவத்துக்காக அம்மா பெங்களூருல இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குத் தனியா கிளம்பினாங்க. டிக்கெட்ல மதியம் 2.30க்குப் புறப்பாடு, அதே நாள் சாயங்காலம் 6 மணிக்குப் போய்ச் சேரும்னு போட்டிருந்தது. "ராத்திரி போடுற சுகர் மாத்திரையை எப்போடா போடுறது?"ன்னு கேட்டாங்க. நானும் யோசிக்காம, "அங்க இறங்கி, சாப்பிட்டுட்டு போடுங்கம்மா"ன்னு சொல்லிட்டேன்.

அது தப்பு. கழிச்சுப் பார்த்தா மூன்றரை மணி நேரம்தான் வரும். ஆனா அந்த ரெண்டும் வேற வேற ஊரோட நேரம். மே மாசத்துல நாம அவங்களைவிட 12 மணி 30 நிமிடம் முன்னாடி இருக்கோம். அதையும் சேர்த்துக் கூட்டினா 16 மணி நேரம்! குளிர்காலத்துல அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க. அப்போ வித்தியாசம் 13 மணி 30 நிமிடம் ஆயிடும். திரும்பி வரும்போது இதைக் கூட்டக் கூடாது, கழிக்கணும்.

சரி, தூரம்? சுவர்ல மாட்டுற உலக வரைபடத்துல ஸ்கேல் வெச்சு ஒரே நேர்கோடு போட்டா, பசிபிக் வழியா 16,000 கிலோமீட்டருக்கு மேல வரும். ஆனா பூமி உருண்டை. ஒரு குளோப்ல ரெண்டு ஊருக்கும் நடுவுல நூலை இழுத்துப் பிடிச்சுப் பாருங்க. நூல் வட துருவத்துப் பக்கமா போகும். தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர்தான். 2021 ஜனவரியில கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில பெண் விமானிகள் மட்டுமே சேர்ந்து, சான் பிரான்சிஸ்கோவுல இருந்து பெங்களூருக்குத் துருவத்துக்கு மேலதான் ஓட்டிட்டு வந்தாங்க.

நேரத்தைத் தோராயமா கணக்குப் போட ஒரு எளிய வழி இருக்கு. தூரத்தை 900ஆல வகுங்க. ஏறி இறங்குறதுக்கு அரை மணி நேரம் சேருங்க. 14,000ஐ 900ஆல வகுத்தா சுமார் பதினஞ்சரை. அரையைச் சேர்த்தா 16.

ஆனா காத்து இந்தக் கணக்கை மாத்திடும். உயரத்துல மேற்கிலிருந்து கிழக்கா வேகமா வீசுற காத்துக்கு ஜெட் ஸ்ட்ரீம்னு பேர். 2016 அக்டோபர்ல ஏர் இந்தியா, டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டு பசிபிக் பக்கம் திருப்பினாங்க. தூரம் சுமார் 1,400 கிலோமீட்டர் அதிகம். இருந்தும், பின்னாடி இருந்து காத்து தள்ளினதால பழைய வழியைவிட சீக்கிரமே போய்ச் சேர்ந்தது.

அம்மா விஷயத்துக்கு வருவோம். 16 மணி நேரம்னு தெரிஞ்சதும் டாக்டர்கிட்ட கேட்டோம். ராத்திரி மாத்திரையை இந்திய நேரப்படி விமானத்துலயே சாப்பாட்டோட போடச் சொன்னார். அம்மா கைக்கடிகாரத்தை மாத்தவே இல்லை, அக்கா வீட்டு வாசல் வரைக்கும்.

உங்க வீட்டுலயும் யாராவது மாத்திரையோட தூரமா கிளம்பினா, டிக்கெட்ல இருக்கிற ரெண்டு நேரத்தை மட்டும் பார்க்காதீங்க. 'மொத்தப் பயண நேரம்' எவ்வளவுன்னு பார்த்து, அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!