கொடைக்கானல் ஏறும் காரின் சிவப்பு ரகசியம் தெரியுமா?

வத்தலக்குண்டு தாண்டி, லாஸ் காட் ரோட்டில் வளைந்து வளைந்து ஆட்டோமேடிக் காரில் ஏறுகிறீர்கள். உங்கள் இடது கால் சும்மாவே இருக்கிறதே, கிளட்ச் மிதிக்கும் அதன் வேலையை யார் செய்கிறார்கள் தெரியுமா? ஓர் எண்ணெய்!

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போடுங்கள், மற்றதும் சுழலும். கிளட்ச்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் நடப்பதும் இதுதான். அங்கே காற்றுக்குப் பதில் ஏ.டி.எஃப். என்கிற எண்ணெய். இன்ஜின் பக்கச் சக்கரம் அதை வீசியடிக்க, எதிர்ச்சக்கரம் சுழல்கிறது. இடையில் நழுவும் சக்தியெல்லாம் சூடாகிறது. வெள்ளி அருவி அருகே சீசன் நெரிசலில், ஏற்றத்தில் கார் ஊர்ந்து ஊர்ந்து நிற்கிறதே, அப்போதுதான் அந்த எண்ணெய்க்கு உண்மையான சோதனை. சூடு 10 டிகிரி கூடினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் கணக்கு!

ஒரு காலத்தில் இதில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள் என்றால் நம்புவீர்களா? 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடுத்த பிறகே மாற்று தேடினார்கள்.

‘இந்த எண்ணெயை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம்’ என்று ஷோரூமில் சொல்லியிருப்பார்கள். ஆனால், உலகின் பெரிய கார் நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறது! மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் 80,000-ஐத் தாண்ட விடக்கூடாது என்பேன்.

புதிய எண்ணெய் பெரும்பாலும் ரோஸ்மில்க் எசன்ஸ் போலச் சிவப்பாக இருக்கும். கெட்டுப்போனதை வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டால் காபி டிகாக்ஷன் நிறம். முகர்ந்தால் தீய்ந்த வாடை. இன்னொன்று: கியர்பாக்ஸின் அடி போல்ட்டைக் கழற்றினால் பழைய எண்ணெய் முழுதும் வராது. ஏறக்குறைய பாதி கன்வெர்ட்டர் முதலிய இடங்களிலேயே தங்கிவிடும்!

எல்லா ஆட்டோமேடிக்கிலும் இந்த எண்ணெய் இருக்காது. 2014-ல் செலேரியோ காரோடு நம்மூருக்கு வந்த ஏ.எம்.டி. வகைக்கு உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். சி.வி.டி. என்கிற இன்னொரு வகைக்கோ தனி எண்ணெய். மாற்றி ஊற்றினால் கியர்பாக்ஸே போய்விடும்.

அடுத்த முறை மலையேறும் முன் காரின் கையேட்டைத் திறந்து, ‘கடுமையான பயன்பாடு’ என்ற பகுதியைப் பாருங்கள். பல கையேடுகளில் மலைப்பாதை அதில்தான் வரும். கொடைக்கானல்காரர்களே, உங்களுக்கான கிலோமீட்டர் கணக்கு அங்கேதான் இருக்கிறது!