கோட்டையில் இருந்தவர்கள் – 7: பட்டாவுக்குப் பின்னால் ஒரு கவர்னர்

கோடை முடியும் தறுவாயில் திருவெறும்பூர் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி களைகட்டும். ‘வருவாய்த் தீர்வாயம்’ என்று அரசு பெயர் மாற்றியும் சனங்களின் வாயில் நிற்பது ஜமாபந்திதான். கைலாசபுரம் பெல் குவார்ட்டர்ஸில் இருக்கும்வரை யாருக்கும் பட்டா கவலை கிடையாது. ரிட்டயர்மென்டை நினைத்து வெளியே நாலு சென்ட் வாங்கிப் போட்டவர்கள்தான் மனுவும் கையுமாக அலைவார்கள். மேஜையில் அடங்கல், சிட்டா என்று கிராமக் கணக்குகள் அடுக்கியிருக்கும். நிலம் அளக்கும் சங்கிலியும் தணிக்கைக்கு வந்து கிடக்கும்.

அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு ஸ்காட்லாந்துக்காரரிடம் போய்ச் சேரலாம். தாமஸ் மன்றோ; 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னர்.

மன்றோ 1761இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பாவுக்கு அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு வியாபாரம். அங்கே சுதந்திரப் போர் வெடித்ததும் முதல் முழுகியது. மகன் பிழைப்பு தேடிக் கப்பல் ஏறினார். 1780 ஜனவரியில் கம்பெனிப் பட்டாளத்தின் கேடட்டாகச் சென்னையில் வந்து இறங்கினார். அந்த ஆண்டே ஹைதர் அலியோடு சண்டை.

திருப்பம் 1792இல் வந்தது. திப்புவிடமிருந்து பாராமகால், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், கம்பெனி கைக்கு மாறியது. வரி வசூலிக்கப் போக வேண்டிய சிவில் அதிகாரிகளுக்கோ ஊர்ப் பாஷை தெரியாது. பாஷை தெரிந்த பட்டாளத்துக்காரர் அலெக்சாண்டர் ரீடை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாகப் போன மூவரில் மன்றோ ஒருவர். ஏழு வருஷம் வயல் வயலாக அலைந்தார். இடையில் ஜமீன்தார் எதற்கு, உழுகிறவன் பெயரிலேயே வரியை எழுதினால் என்ன என்ற முறை அங்கேதான் உருப்பெற்றது. அதுதான் ரயத்துவாரி.

வங்காளத்தில் 1793இல் காரன்வாலிஸ் செய்தது இதற்கு நேர் எதிர்: நிலத்தை ஜமீன்தார்களுக்கு நிரந்தரமாக எழுதிக் கொடுத்தார். சென்னையும் அந்த வழியில் போகப் பார்த்தபோது மன்றோ விடாமல் மல்லுக்கு நின்றார். பல்லாரி, கடப்பை வட்டாரத்தில் ஏழாண்டு வரி வசூலித்துவிட்டு, 1807இல், வரி அதிகம், கால்பங்கு குறையுங்கள் என்று எழுதினார். மேலிடம் அசையவில்லை. கவர்னர் நாற்காலியில் அவரே வந்து உட்கார்ந்த பிறகுதான் குறைந்தது.

1822இல் கலெக்டர்களுக்கு ஓர் உத்தரவு போட்டார்: ஊர்ப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுத்து அனுப்புங்கள். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று தொகை வந்தது. திண்ணைப் பள்ளிகளைப் பற்றிய விவாதத்தில் இன்றும் அடிபடும் எண்கள் இவை.

ஆனால் உழுகிறவன் பெயரில் என்ற அந்த ரயத்துவாரியில், பட்டாவில் ஏறியது யார் பெயர்? காவிரிப் பாசனத்தில் பெரும்பாலும் மிராசுதார் பெயர். சேற்றில் இறங்கி நாற்று நட்ட பண்ணையாளுக்கு அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. பெயர் ஏறிய சிறு குடியானவனுக்கும் நிம்மதி இல்லை. மன்றோ போய் 28 வருஷம் கழித்து, 1855இல் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை தந்தது. வரி பாக்கிக்காக ‘கிட்டி’ போட்டதை அது பதிவு செய்திருக்கிறது: இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரல்களை வைத்து இறுக்குவது. செய்தவர்கள் கீழ்மட்டச் சேவகர்கள். அந்த வரியை விதித்தது மன்றோ ஊன்றிவிட்டுப் போன முறை.

பதவியை விட்டு ஊர் திரும்பக் காத்திருந்த நேரத்தில், பழகிய மாவட்டங்களைக் கடைசியாக ஒரு முறை பார்க்கப் புறப்பட்டார். 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று.

சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரை மேல் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். சிற்பி சான்ட்ரி செய்த அந்தக் குதிரைக்குச் சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. சிலை 1839இல் வந்தது. அதற்குப் பணம் தந்தது பொதுமக்கள்.

(அடுத்த வாரம்: வருமான வரியை எதிர்த்துப் பதவி இழந்த கவர்னர் டிரெவெல்யன்)